வலி தொடங்கிய நேரம்

“படுக்க விட்டுடாதீங்க மாமா. வாலைத் தூக்கிப் பிடிங்க.”

வண்டியின் இறங்குபலகையில் பாதி தூரம் வந்த நிலையில் சின்னவளின் முன்னங்கால் மடங்க ஆரம்பித்தது. ஐந்நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. பலகையிலேயே படுத்துவிட்டால் எழுப்ப வழியில்லை. கிரேன் உள்ளே, ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது. குதிரை டாக்டர் தன் தோளை அதன் மார்புக்கு முட்டுக் கொடுத்தாள். பின்னால் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் கேரட் மாமா வாலை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே இழுத்தார். கயிறு அப்பாவின் கையில். அவர் இழுக்கவில்லை, அதட்டவில்லை. குதிரையின் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்தார்.

என்ன சொன்னாரோ, சின்னவள் மறுபடி காலை ஊன்றினாள்.

பத்தடி. தரை. கதவு. உள்ளே வந்துவிட்டார்கள்.

மதியம் இரண்டரை மணி. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முழங்கைக்குப் பின்னால் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நிமிடத்துக்கு முப்பத்தாறு, நாற்பது என்று சோம்பேறித்தனமாக அடிக்க வேண்டிய இதயம் தொண்ணூற்றிரண்டு அடித்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். கத்திரிக்காய் நிறம். வயிறு இரண்டு பக்கமும் பீப்பாய் போல உப்பியிருந்தது. காதை வைத்தால் எப்போதும் மழைக்கால ஓடைபோல் சலசலக்கும் குடல், சத்தமே போடவில்லை.

வெளியாட்களுக்கு இந்தக் குடும்பக் கணக்கு புரியாது. அப்பாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு இரண்டு கால், சின்னவளுக்கு நாலு. இதைச் சொல்லும்போது அப்பா சிரிக்க மாட்டார். கேட்கிறவர்கள்தான் சிரித்துக்கொள்ள வேண்டும். குதிரையேற்றப் பள்ளியை மூடி, மற்ற பதினோரு குதிரைகளையும் அனுப்பிய பிறகு, சின்னவள் மட்டும் மிஞ்சினாள். அம்மா போன பிறகு அப்பா ஒரு நாளில் பேசும் வார்த்தைகளில் முக்கால்வாசி சின்னவளிடம்தான். மீதியில் பாதி கேரட் மாமாவிடம். பெரியவளான டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு போன். “சாப்பிட்டியா? சரி, வைக்கிறேன்.”

டாக்டர் நீளமான உறையை மாட்டிக்கொண்டு, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, கண்ணை மூடித் தடவினாள். இருக்க வேண்டிய இடத்தில் பெருங்குடல் இல்லை. காற்றடைத்து, இறுகி, வயிற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டியதுபோல் கிடந்தது. பிசகியதோடு நிற்கவில்லை. முறுக்கிக்கொண்டும் இருக்கிறது.

“எப்ப ஆரம்பிச்சுது?”

பதில் சொன்னது கேரட் மாமா. ஒரு மணிக்குத்தான், தீனி வைக்கப் போனபோது கீழே கிடந்து புரண்டுகொண்டிருந்தாள், அதற்கு முன்னால் ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருந்தாள் என்றார். வலி ஊசி ஏதாவது போட்டீர்களா என்று கேட்டாள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குதிரையைப் பார்த்தார். இல்லை என்று மாமாவே சொல்லி முடித்தார்.

நர்ஸ் கேஸ் ஷீட்டை நீட்டினாள். ‘வலி தொடங்கிய நேரம்’ என்ற கட்டத்தில் ‘ஒரு மணி’ என்று எழுதிவிட்டு, டாக்டர் கழுத்து நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றத் தயாரானாள். இடது பக்கம் நரம்புக்கு மேலேயே காய்ந்த ரத்தம் ஒரு பொட்டு. ஈ கடித்திருக்கும். பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

ஊசியைக் கண்டதும் கேரட் மாமா வழக்கம்போல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கடிக்கிற குதிரையின் வாய்க்குள் கையை விடுவார். உதைக்கிற குதிரையின் பின்னால் நின்று பீடி பிடிப்பார். ஊசி மட்டும் ஆகாது. ஒருமுறை தடுப்பூசி போட வந்த நர்ஸ் பஞ்சை நனைத்ததுமே பொத்தென்று விழுந்தவர். சட்டைப்பை நிறையக் கேரட்டும் நெஞ்சு நிறையத் தைரியமும் வைத்திருக்கும் ஆளுக்கு இது ஒன்றுதான் குறை என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“தியேட்டர் ரெடி பண்ணுங்க. மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க.”

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“அறுக்கப் போறியா?”

“பின்ன? வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?”

“இல்ல… நிஜமாவே அறுக்கப் போறியா?”

இதென்ன கேள்வி என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பயம், பாவம். அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். ஒரு மணிக்கு ஆரம்பித்தது என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. முறுக்கு விழுந்த மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறந்து நேராக்கிவிட்டால் குடல் பிழைத்துக்கொள்ளும். பயப்படாதீங்கப்பா, நேரம் நம்ம பக்கம் இருக்கு.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பது சரி.

சின்னவளுக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை பெருங்குடல் இடது பக்கம் மேலேறி, மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் இருக்கிற நாரில் துணிக்கொடியில் போட்ட வேட்டி மாதிரி மாட்டிக்கொண்டது. கத்தியே தேவைப்படவில்லை. மண்ணீரலைச் சுருங்க வைக்க மருந்து ஏற்றி, மைதானத்தில் கால் மணி நேரம் ஓட விட்டார்கள். குடல் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. கேரட் மாமா கூடவே ஓடி, மூச்சு வாங்கி, தனக்கும் அந்த மருந்தில் கொஞ்சம் ஏற்றச் சொன்னார், ஊசி இல்லாமல்.

இரண்டாவது தடவை வலது பக்கம் பிசகியது. வயிற்றைத் திறந்துதான் சரி செய்ய வேண்டியிருந்தது. மூன்று மாதம் லாயத்தை விட்டு வெளியே விடாமல் பார்த்துக்கொண்டு, தையல் ஆறி, மறுபடி நடக்க ஆரம்பித்த வாரத்தில் டாக்டர் ஒருநாள் போய்ப் பார்த்தால், தீனித் தொட்டியில் தானியம் மலைபோல் குவிந்து கிடந்தது. இளைத்துப் போயிருக்கிறாளே என்று இரண்டு கிழவர்களும் போட்டி போட்டுக்கொண்டு கொட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கூரைப் புறா எல்லாம் பறந்துவிட்டது. இன்னொரு தடவை வயிற்று வலி என்று எனக்குப் போன் வந்தால் கத்தி எடுத்துக்கொண்டு வரமாட்டேன், ஒரேயடியாகத் தூங்க வைக்கிற கடைசி ஊசியை எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்றாள். கேஸ் ஷீட்டில் கூட எழுதியாகிவிட்டது என்று கூடுதலாக ஒரு பொய்யையும் சேர்த்தாள். மிரட்டினால்தான் கேட்பார்கள்.

கேட்டார்கள். மறுநாளே தானியம் ஒரு கிண்ணமாகக் குறைந்தது.

மூன்றே கால் மணிக்கு, சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த அறையில் சின்னவள் மயங்கிச் சரிந்தாள். நாலு கால்களிலும் பட்டை மாட்டி, கிரேன் சங்கிலியில் கோத்துத் தூக்கினார்கள். கால்கள் மேலே, முதுகு கீழே, கழுத்து தொங்க, ஒரு குதிரை காற்றில் மிதந்து போவதை முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். கதவுக் கண்ணாடி வழியாக அப்பா அதை இரண்டாவது தடவையாகப் பார்த்தார்.

மயக்க டாக்டர் வழுக்கைத் தலைக்காரர். தொண்டையில் குழாயைச் செருகிக்கொண்டே, உன் தங்கச்சிக்கு உன்னைவிட நல்ல பல்லு என்றார். மற்ற நாளாக இருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். இன்று கத்தியைக் கேட்டாள்.

பழைய தழும்பின் மேலேயே கோடு போட்டாள். தோல், கொழுப்பு, நடுக்கோட்டின் வெள்ளை நார். உள்ளே இருந்த அழுத்தத்தில் குடல் அவளுடைய கைக்காகக் காத்திருக்காமல் தானாகவே வெளியே எழும்பியது.

மயக்க டாக்டர் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

கறுப்பு. சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும் என்று நினைத்து வந்தாள். மை கொட்டியதுபோல் கறுப்பு. டாக்டர் இரண்டு கையையும் தோள் வரை வயிற்றுக்குள் விட்டு, முறுக்கின் வேரைத் தேடிப் பிடித்தாள். ஒரு முழுச் சுற்று. நர்ஸ் குடலைத் தாங்கித் தூக்க, அவள் எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். ஈரமான கம்பளி மூட்டையைக் கிணற்றுக்குள் இருந்து திருகி எடுக்கிற மாதிரி. முதுகு விண்ணென்று வலித்தது. நெற்றி வியர்வையை நர்ஸ் ஒற்றி எடுத்தாள். குடல் நேரானது.

இனி ரத்தம் ஓட வேண்டும். நிறம் மாற வேண்டும்.

குடலின் வளைவில் ஒரு வாய் வெட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் வாளி வாளியாக வெளியேற்றினார்கள். வெட்டிய ஓரத்தை டாக்டர் பார்த்தாள். உயிருள்ள குடலை வெட்டினால் ஓரத்தில் ரத்தம் துளிர்க்கும். துளிர்க்கவில்லை. உள்வரி தார் பூசியதுபோல் இருந்தது. விரல் பட்டதும் ஈரக் காகிதமாக உரிந்து வந்தது.

வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கெட்டதை வெட்டி எறியலாம் என்றால் கறுப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று தடவிப் பார்த்தாள். கத்தி எட்டாத ஆழத்துக்கும் அப்பால் போயிருந்தது.

மயக்க டாக்டர் திரையைப் பார்த்தபடி, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒரு மணிக்கு ஆரம்பிச்சதுன்னா சொன்னாங்க?”

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு முறுக்கு விழுந்த குடல் இதற்குள் இப்படிக் கறுக்காது. காலையிலேயே ஏதோ தொடங்கியிருக்கிறது. வலி மட்டும் வெளியே தெரியவில்லை. வலி ஏன் தெரியாமல் போகும்? ஒரே ஒரு காரணம்தான் உண்டு. காய்ந்த ரத்தம், ஒரு பொட்டு. ஈ கடிக்கவில்லை.

ரத்தக் கறை படிந்த அங்கியோடு அவள் வெளியே வந்தபோது இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார வைத்த பிள்ளைகள் மாதிரி.

முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குடல் செத்துவிட்டது. தைத்து எழுப்பினால் வலியில்தான் எழுவாள், நாளைக் காலையைப் பார்க்க மாட்டாள். மயக்கத்திலேயே முடித்துவிடுவதுதான் அவளுக்கு நல்லது. கையெழுத்து வேண்டும். அப்பா காகிதத்தை வாங்கி, எந்த வரியையும் படிக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கேட்டாள்.

“யார் வலி ஊசி போட்டது?”

அப்பாவின் உதடு அசைந்தது. கேரட் மாமாவின் கை வந்து அவர் முழங்காலில் அழுந்தியது.

“நான்தான் பாப்பா போட்டேன். எட்டு மணிக்கு. லேசா வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. வாயுன்னு நெனச்சேன்.”

அவளுக்குத் தலைக்கு ஏறியது. குதிரையோடு குதிரையாகப் படுத்து எழுந்த ஆள், நெருப்பை அணைக்காமல் புகையை மட்டும் மூடி வைப்பாரா என்று கேட்டாள். வலி ஊசி வலியைத்தான் மறைக்கும், முறுக்கை மறைக்காது என்பதை இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நீங்கதான் மாமா அவளைக் கொன்னது.”

மாமா தலையாட்டினார். ஆமாம் என்பதுபோல. அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முழங்காலில் இருந்த கை அவரை விடவில்லை. மாமா ஆறுதல் சொல்கிறார் என்று டாக்டர் எண்ணினாள். நர்ஸிடம் இருந்து கேஸ் ஷீட்டைப் பிடுங்கி ‘ஒரு மணி’யை அடித்து, ‘எட்டு மணி’ என்று எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்தது.

அப்பா சின்னவளைப் பார்க்க வேண்டும் என்றார். மாமாவும் வருவேன் என்றார். உங்களுக்கு என்ன வேலை என்று அவள் வாய்வரை வந்தது. சரி, வந்து தொலையட்டும்.

பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டி இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். வயிற்றின் மேல் துணி போர்த்தியிருந்தது. அப்பா தலைப் பக்கம் போய், குழாய்க்கு இடைஞ்சல் இல்லாமல் குனிந்து, காதைப் பிடித்துக்கொண்டார். இறங்குபலகையில் பேசிய அதே குரலில் பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை டாக்டர் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. அவர் அப்படியொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “வந்துட்டேன், வந்துட்டேன், வந்துட்டேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மயக்க டாக்டர் மருந்தை உறிஞ்சி எடுத்து நீட்டினார். பெரிய ஊசி. அவள் அதைக் கழுத்துக் குழாயில் பொருத்தும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கேரட் மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நெற்றியைச் சுவரில் முட்டுக் கொடுத்து, கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் அங்கியைக் கசக்கிக்கொண்டு. மருந்து இறங்குவதற்குள் அவர் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊசியைப் பார்க்கவே முடியாத ஆள். அவரா ஒரு குதிரையின் கழுத்து நரம்பைத் தேடிப் பிடித்து, குறி தவறாமல், ஒரே குத்தில் போட்டது?

திரையில் கோடுகள் சிறிதாகின. கடைசிக் கோடு நீளமாக, நேராக ஓடியது. அப்பா காதை விடவில்லை. லேசாகத் தொட்டால் கூடத் துடிக்கும் அந்தக் காது சும்மா இருந்தது.

டாக்டர் மாமாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் கண்ணைத் திறந்து, காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான் என்றார். என்னை மன்னிச்சிடுங்க மாமா என்றாள். என்னத்துக்கு என்று கேட்டுவிட்டு, சட்டைப்பையைத் துழாவி ஒரு கேரட்டை வெளியே எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையிலேயே வைத்துக்கொண்டார்.

மாமா தன் வீட்டில் இருந்து லாயத்துக்கு வருவது தினமும் ஏழு மணிக்கு. அவரைத் தவிர அங்கே இருப்பது ஒரே ஒரு ஆள். பள்ளி மூடிய பிறகும் நாலரை மணிக்கு எழுந்து லாயத்து விளக்கைப் போடும் ஆள். பதினோரு குதிரைகளுக்கும் தன் கையாலேயே ஊசி போட்டுப் பழகிய ஆள்.

சாயந்திர வெயில் தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. அப்பா அதே பெஞ்சில் இருந்தார். அவர் மடியில் கேஸ் ஷீட். நர்ஸ் அங்கே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் நின்றாள்.

“எட்டுன்னு எழுதியிருக்க.”

“ம்.”

“அஞ்சுன்னு மாத்தும்மா.”

அவள் பேனாவை எடுக்கவில்லை. அஞ்சு மணிக்கு அது வெறும் பிசகலாக இருந்திருக்கும். முறுக்கு அப்புறம்தான் விழுந்திருக்கும். அஞ்சு மணிக்கு என்றால் கத்திகூட வேண்டாம், மைதானத்தில் கால் மணி நேர ஓட்டம் போதுமாக இருந்திருக்கும். இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்தாள். சொல்லாமல் இருக்கத் தெரிந்த அவளுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியவில்லை.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா.”

“பண்ணேனே. ஒரு ரிங் போச்சு. வச்சிட்டேன்.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன்னால், தலையணைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ரிங். அப்பாவின் விரல் தெரியாமல் பட்டிருக்கும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“ஏன் வச்சீங்க?”

அப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைப்பதற்குத் துண்டைத் தேடி, கிடைக்காமல், பச்சை அங்கியின் ஓரத்திலேயே துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“நீ எடுத்தா, வலின்னு சொல்லணும். சொன்னா, கடைசி ஊசியோட வருவேன்னு சொன்னியே… நீ அறுப்பேன்னு எனக்குத் தெரியாதும்மா.”